எள் வேண்டாம் என்ற கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் என் பெரியவளுக்கும் எனக்கும் மறுபடி முட்டிக்கொண்டது. டிவியில் கருக்கலைப்பைப் பற்றி நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கலைக்காம இருக்கறதுதான் சரின்னு எனக்குத் தோணுது" என்றேன். அவ்வளவுதான். அவள் கையிலிருந்த அப்பளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

பெரியவளுக்கு இருபத்தைந்து வயது. தில்லியிலேயே பிறந்து, தில்லியிலேயே படித்து, இப்போது குர்கானில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். சண்டை என்று வந்துவிட்டால் மூன்று பாஷையையும் ஒரே வாக்கியத்தில் இறக்குவாள்.

"அம்மா, அது அவளோட பாடி. அவ டிசைட் பண்ணட்டும். நீ யாரு சொல்றதுக்கு?"

"நான் யாரையும் போய்த் தடுக்கலையே. எனக்குத் தோணுறதச் சொன்னேன்."

"அச்சா, அப்ப ரீசன் சொல்லு. சாமி, பாவம் அதெல்லாம் சொல்லக் கூடாது."

சாமி, பாவம் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. மந்திர் மார்க் பக்கம் போனால் கோயிலுக்கு வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிடுகிறவள். என் காரணம் ஒரு துண்டு கஜக். எள்ளையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்துத் தகடாகத் தட்டி, தில்லிக் குளிர்காலம் முழுக்க விற்பார்களே, அந்த கஜக். இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று பயந்தேன். அந்த கஜக் நாளில் அவளும் அங்கேதான் இருந்தாள், ஆனால் அவள் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. சாப்பாட்டு மேஜையில் சுருக்கமாகத்தான் சொன்னேன், அங்கே முழுசாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் பழைய அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் மத்திய அரசு வேலை, ஆளுக்கு ஓர் அமைச்சகம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை. தில்லியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் விருந்தாளி வர மாட்டார்கள், டிவி ஓடாது, மிக்ஸி கூட நேரம் பார்த்துத்தான் ஓடும். அப்படிப்பட்ட வீட்டில், நாற்பத்தொரு வயதில், எனக்கு நாள் தள்ளிப்போனது.

மாதவிடாய் நிற்கிற காலம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு காலையில் குமட்ட ஆரம்பித்தது. ஆபீஸில் எல்லாரும் காற்று மாசு என்றார்கள். தில்லியில் இது ஒரு வசதி. தலைவலி, இருமல், வாந்தி, கோபம், எது வந்தாலும் மாசின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் என் வயிற்றில் இருந்தது மாசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை சுமந்த உடம்பு. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் குச்சி வாங்கிவந்து பார்த்தபோது இரண்டு கோடு பளிச்சென்று விழுந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பாப்பாவுக்கு எக்ஸாம் இருக்கே" என்றார்.

பெரியவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அவர் வாயில் வந்தது அதுதான். பிறகு மற்றவை வந்தன. உனக்கு பி.பி. இருக்கு. இருக்கிறது ஒரே ஒரு படுக்கையறை. ஊரில் என்ன சொல்வார்கள், வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமலே எனக்கு முகம் சுட்டது. அவர் நல்ல மனிதர். பயந்துபோயிருந்தார். நானும் பயந்துதான் போயிருந்தேன். எங்களுக்குள் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பாப்பாவின் பரீட்சையில் வந்து நின்றது. மற்ற காரணமெல்லாம் எங்களைப் பற்றியது, சொல்லக் கூச்சமாக இருந்தது. பரீட்சை பிள்ளையைப் பற்றியது. அதைச் சொல்லும்போது நாங்கள் நல்ல பெற்றோர் மாதிரி இருந்தது.

காலனியில் காதும் காதும் வைத்தாற்போல முடிக்கவேண்டும் என்று, எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் வராத ஒரு சின்ன கிளினிக்கைத் தேடி கோல் மார்க்கெட் பக்கம் போனோம். டாக்டரம்மா தன்மையானவர். நாள் கணக்கு இன்னும் அதிகம் ஆகவில்லை, மாத்திரையிலேயே முடியும், சட்டத்திலும் இடம் இருக்கிறது, உங்கள் இஷ்டம் என்றார். பெற்றுக்கொள்வதானாலும் முடியும், கவனமாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அதை நாங்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவருடைய தலைக்கு மேல் சுவரில் ஒரு பலகை. இங்கே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லப்படாது, அது சட்டப்படி குற்றம் என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தில்லியில் எல்லா ஸ்கேன் அறையிலும் இருக்கும் பலகைதான். அன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் என்பதற்காகக் கலைத்தால் குற்றம், பரீட்சை என்பதற்காகக் கலைத்தால் சரி. உள்ளே இருப்பது என்னவோ அதே பிள்ளைதானே என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடவிட்டுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை வருவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தது. லோரி.

எங்கள் போகிப் பண்டிகையும் பஞ்சாபிகளின் லோரியும் ஒரே நாளில் வரும். ஊரில் போகியை விடிவதற்கு முன்னால் கொளுத்துவோம். தில்லி ஜனவரியில் விடிவதற்கு முன்னால் எவள் எழுந்திருப்பாள்? அதனால் காலனித் தமிழர்கள் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். சாயங்காலம் இரண்டு பிளாக்குக்கும் நடுவே இருக்கும் புல்தரையில் பஞ்சாபிகள் லோரி நெருப்பு மூட்டுவார்கள். நாங்கள் வீட்டிலிருக்கும் பழைய துடைப்பம், கிழிந்த பாய், பிய்ந்த முறம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அதிலேயே போட்டுவிடுவோம். முதல் வருஷம் அவர்களுக்கு அதிர்ச்சி. அவர்கள் எள்ளும் வேர்க்கடலையும் போட்டுக் கும்பிடுகிற நெருப்பில் நாங்கள் துடைப்பத்தைப் போட்டால் எப்படி இருக்கும்? பிறகு பழகிவிட்டது. மேல் வீட்டு பாபி, அண்ணி முறை வைத்து நாங்கள் கூப்பிடும் பஞ்சாபி அம்மாள், நெருப்பில் எங்களுக்கென்று ஒரு மூலையையே ஒதுக்கிவிட்டார். நான் கீழே இறங்கிவந்தால் முதல் கேள்வி, "உன் ஜாடு எங்கே?" என்பதுதான். ஜாடு என்றால் துடைப்பம்.

அன்றைக்கும் துடைப்பத்தோடு போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று மேலே வந்துவிடுவார்கள். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. அந்தக் குளிரில் எவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு நின்றார். பாப்பா படிப்புக்கு நடுவே கொஞ்ச நேரம் என்று வந்து, நெருப்பைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு நாகர்கோவில் அக்கா. அடுத்த பிளாக்கில் இருப்பவர், காலனித் தமிழ்ப் பெண்களில் மூத்தவர், யார் வீட்டில் யாருக்கு என்ன என்று வாசனை பிடித்தே சொல்லிவிடுவார்.

தட்டு சுற்றி வந்தது. பாப்கார்ன், வேர்க்கடலை, கஜக். பாபி யாருக்கும் கையில் தரமாட்டார். உடைத்து நேரே வாயில் ஊட்டுவார். அது அவருடைய பிரியம். ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு என்னிடம் வந்து, ஒரு பெரிய துண்டை என் உதட்டருகே கொண்டுவந்தார்.

என் வலது கை எழுந்து வாயை மூடிக்கொண்டது. இடது கை சால்வைக்குள் போய் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது. "நஹீ பாபி, எள் வேண்டாம்" என்றேன்.

பாபிக்கு ஒன்றும் புரியவில்லை. லோரி அன்றைக்கு கஜக்கை மறுக்கிற மனுஷியும் உண்டா? போன வருஷம் தட்டில் பாதியை நான்தான் தின்றேன் என்பதை எல்லாரும் கேட்கச் சொல்லிக் காட்டினார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். ஆனால் நெருப்புக்கு அந்தப் பக்கம் நாகர்கோவில் அக்கா தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும். பிள்ளையுண்டானவள் எள்ளையும் பப்பாளியையும் தொடக் கூடாது, தொட்டால் கரு நிற்காது.

"என்ன பிள்ள, எள்ளு வேண்டாமாக்கும்?" என்றார் அக்கா, நெருப்பைத் தாண்டி, நிதானமாக. "எத்தன மாசம்?"

பாபிக்குத் தமிழ் தெரியாது. அக்காவையும் என்னையும் விட்டால், தமிழ் தெரிந்தவர்கள் அந்த நேரம் அங்கே இரண்டே பேர். ஒருவர் வேர்க்கடலையை உரிப்பதை நிறுத்தினார். இன்னொருத்தி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

எள் தின்றால் கரு கலையும் என்பதை நான் நம்புகிறவள் இல்லை. நான் படித்தது விலங்கியல். நாற்பது கிராம் கஜக்கில் ஒன்றும் ஆகிவிடாது என்று எவருக்கும் விளக்குவேன். அது மட்டுமில்லை, திங்கட்கிழமை நான் எதற்காகப் போகப்போகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். கலைக்கத்தான் போகிறேன் என்றால், எள் கலைத்துவிடுமே என்று ஏன் வாயை மூடவேண்டும்? அந்தக் கை யாரைக் காப்பாற்றியது? இல்லாத ஒருவருக்காக யாரும் எள்ளை ஒதுக்க மாட்டார்கள். என் மூளை வாரக்கணக்காக 'இது', 'அது', 'இந்தப் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டிருந்ததை, என் கை பிள்ளை என்றே நினைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

மாடிப்படியில் பாப்பா பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவர்.

"ட்ரூவா?" என்றாள்.

"ஆமா."

"எப்ப சொல்றதா இருந்த?"

அவர்தான் சொன்னார். "ஒண்ணுமில்லம்மா, நீ மனசக் குழப்பிக்காத. திங்கக்கெழம டாக்டர்கிட்டப் போறோம். எல்லாம் சரியாயிடும். ஒனக்கு எக்ஸாம் நேரம், அதான்..."

"எனக்கு எக்ஸாமா?"

அவருக்கு இரண்டு படி மேலே நின்றவள் ஒரு படி கீழே இறங்கினாள். "அப்பா, என் போர்ட்ஸ பஹானாவா வைக்காதீங்க." பஹானா என்றால் சாக்கு. கோபத்தில் தமிழ்ச் சொல் வரவில்லை அவளுக்கு. "எனக்கு வெக்கமா இருக்கு, ஓகே? ரொம்ப வெக்கமா இருக்கு. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. அது வேற. ஆனா நான் எக்ஸாம் எழுதணும்னு ஒரு பேபி இல்லாம போச்சுன்னு லைஃப் ஃபுல்லா நான் தூக்கிட்டு அலைய முடியாது. வேற ரீசன் இருந்தா சொல்லுங்க. என் பேர எடுக்காதீங்க."

கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் படியிலேயே நின்றோம். கீழே பாபியும் மற்றவர்களும் நெருப்பைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்கிறாள். பெரிய காரணத்தை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருந்தவற்றை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஊர் வாய். அது ஆயிரத்தெட்டு மைல் தள்ளி இருக்கிறது. ஒரே படுக்கையறை. இந்தக் காலனியில் ஒரே அறையில் ஆறு பேர் வளர்ந்திருக்கிறார்கள். என் உடம்பு. அது ஒன்றுதான் நிஜமான பயம். ஆனால் டாக்டரம்மா முடியாது என்று சொல்லவே இல்லை.

மறுநாள் பொங்கல். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ராத்திரி தூங்காத முகம்.

"அப்ப நாளைக்கு?" என்றார்.

"போறோம். வேண்டாம்னு சொல்லிட்டு வர்றோம்."

அவர் அப்படியே கீழே, வெறும் தரையில், அந்த ஜனவரிக் குளிரில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. நிமிர்ந்து பார்த்தால், அவர் முகம் தளர்ந்து கிடந்தது. ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுகிறபோது வருமே, அந்த முகம். "வயித்துல பால வார்த்த" என்றார். "நீ சொல்லணும்னுதான் இருந்தேன். நானாச் சொன்னா, ஒன் உசுருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான்தான சொன்னேன்னு ஆயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அவருக்காக, அவர் எனக்காக, இரண்டு பேரும் பாப்பாவுக்காக. இப்படி ஒருத்தர் தலையில் ஒருத்தர் சுமத்திக்கொண்டு, யாருக்குமே வேண்டாத ஒரு முடிவை நோக்கி நாங்கள் ஒழுங்காக நடந்துபோய்க்கொண்டிருந்தோம். கரண்டியைக் காட்டி நாலு திட்டுத் திட்டினேன். அவர் வாங்கிக்கொண்டே சிரித்தார். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பாப்பா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துணியை எடுத்துத் துடைத்தாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் "அச்சா" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு, வேறு மாத்திரை எழுதினார். இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. வாரக்கணக்கில் வராத பசி. தெருமுனைக் கடையில் சோலே பட்டூரே வாங்கி, நின்றபடியே தின்றேன். அவர் தன் தட்டிலிருந்த பட்டூராவையும் என் தட்டில் வைத்தார். குளிர் வெயில் முதுகில் அடித்தது. உடம்பிலிருந்து யாரோ பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது, மூட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றாலும்.

அதற்கு அப்புறம் எல்லாம் சுகமாக நடந்தது என்று கதை விடமாட்டேன். கடைசி இரண்டு மாதம் பி.பி. ஏறி, படுக்கையிலேயே கிடந்தேன். ஆபீஸில் சிரித்தார்கள். ஊரிலிருந்து வந்த ஃபோன்களை நான் எடுக்கவில்லை, அவர் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். நாகர்கோவில் அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தார், கூடவே ஊர் வம்பையும். பாப்பா வெட்கப்பட்டுக்கொண்டே பரீட்சை எழுதினாள். நல்ல மார்க்தான், பிரமாதம் இல்லை. ஆகஸ்டு புழுக்கத்தில் சின்னவள் பிறந்தாள். அடுத்த லோரிக்கு அவளைச் சிவப்புத் துணியில் சுற்றி நெருப்பருகே உட்கார்ந்தேன். புதுக் குழந்தையின் முதல் லோரி அவர்களுக்குப் பெரிய விசேஷம். பாபி ஒரு முழுத் தட்டு கஜக்கை என் மடியில் வைத்து, எல்லாவற்றையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும் என்றார். தின்றேன்.

இதுதான் என் காரணம். இதை வைத்துக்கொண்டு யாருடைய வாசலிலும் போய் நின்று நான் கத்துவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி போன வருஷம் கலைத்துக்கொண்டாள். அவளுக்கும் காரணங்கள் இருந்தன, என்னுடையதைவிடக் கனமானவை. அவளைத் திட்டவில்லை. சோறு வடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அவளுக்கு அந்த முடிவு சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை, அவளும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். எனக்குத் தோன்றுவது இதுதான். உள்ளே இருப்பது ஆள்தான். அதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. பயந்துபோனவளிடம் 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது பெருந்தன்மை மாதிரி தெரியும். எனக்கு அன்றைக்கு அது பெருந்தன்மையாக இல்லை, தனியாக விட்ட மாதிரி இருந்தது. என் பயங்களில் ஒன்றை ஒருத்தி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் உதவியாக இருந்தது.

அந்த ஒருத்திதான் போன மாதம் மேஜையில் எதிரே உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டாள்.

இப்போது நாங்கள் கிட்வாய் நகரில், எட்டாவது மாடியில் இருக்கிறோம். பழைய குடியிருப்பை இடித்துவிட்டார்கள். மேஜையில் நான் இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது பெரியவள் தட்டில் வைத்த அப்பளத்தை நொறுக்கினாள். அப்புறம் சொன்னாள். "அதுவும் சாய்ஸ்தானம்மா. நீ சாய்ஸ் பண்ணின."

"சரி, ஒன் பேச்சுப்படியே வச்சுக்க."

"ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நான் படியில அப்படிச் சொல்லலைன்னா, மண்டே நீ கலைக்கப் போயிருப்பியா?"

உள்ளே சின்னவள் தலையணையை வீடாகக் கட்டி, அதற்குள்ளிருந்து ஹிந்தியில் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

"போயிருப்பேன்" என்றேன்.

பெரியவள் டிவியை அணைத்தாள். எழுந்து உள்ளே போனாள். தலையணை வீடு சரிகிற சத்தமும், "தீதி, விடு, விடு" என்று அக்காவிடம் சின்னவள் போட்ட கூச்சலும் சிரிப்பும் கேட்டன. விடவில்லை போலிருக்கிறது, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஆறிப்போன ரசத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.